நாலாம் கிழமை

நேற்றுக் காலை பேத்தி வந்து ஒரு சின்னக் கடதாசிப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். பைக்குள் மஞ்சள் நிறத்தில், மிளகை விடக் கொஞ்சம் பெரிய மருந்துக் குளிசைகள். அவளுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"வயித்தில பிள்ளை தங்க முன்னமே இதைப் போடத் தொடங்கவேணுமாம், அம்மப்பா. மருத்துவிச்சி வீடு தேடி வந்து தந்தவா. பிள்ளையின்ர மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் நல்லதாம். அதேன் முன்னமே போடவேணும்? நீங்கள் இதைத்தானே படிப்பிச்சனீங்கள்?"

முப்பத்தைந்து வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். இரண்டு வசனத்தில் சொல்லக்கூடிய பதில் அது. "பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று எழும்பி விறாந்தைக்கு வந்துவிட்டேன். பிறகும் சொல்லவில்லை. அந்தப் பதிலைப் பற்றி முதலில் உம்மோடுதான் கதைக்க வேண்டும் என்று பட்டது. நீர் என்னைத் தனியே விட்டுப் போய் ஏழு வருடம். இருந்தாலும் எழுதுகிறேன்.

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எங்களுடைய முதல் வீடு உமக்கு நினைவிருக்கும். மண் சுவர், கிடுகுக் கூரை, பின்னால் வாய்க்கால், அதற்கு அப்பால் வயல். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவோடு காணி வெட்ட வந்த அம்மா, அப்பா செத்த பிறகும் அந்த மண்ணை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டா. எனக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவின் தம்பி மகளான உம்மை எனக்குக் கட்டிவைத்தார்கள். நீர் வந்த வருட மாரியில் வெள்ளம் வந்து உம்முடைய கீரைப் பாத்தி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. மூன்று மாதம் சோறும் கருவாடும் பருப்பும்தான். அதன் பிறகுதான் உமக்கு நாள் தள்ளிப்போனது.

கிரகணம் வந்தபோது உமக்கு ஆறாம் மாதம். சூரிய கிரகணம், காலை நேரம். நான் பள்ளிக்கூட முற்றத்தில் மட்டையில் துளையிட்டு, நிலத்தில் விழுகிற வெளிச்சத்தின் ஓரம் கடிபடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். வீட்டில் அம்மா கதவைப் பூட்டி, உம்மைப் பாயில் படுக்கவைத்து, "அசையாமல் கிட பிள்ளை. ஒண்டையும் வெட்டாதை, ஒண்டையும் தொடாதை" என்று சொல்லியிருக்கிறா. வெளியே கட்டியிருந்த பசுக்கன்று கயிற்றைத் தூணோடு சுற்றிச் சுற்றிக் கழுத்து இறுகிக் கத்தத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தா. கன்றின் சத்தம் அடங்கத் தொடங்கியபோது நீர் எழும்பி, குசினிக்குள் இருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றை வெட்டிவிட்டீர். நாக்கு வெளியே தள்ளிக் கிடந்த கன்று கொஞ்ச நேரத்தில் எழும்பித் தாயிடம் போனதாம். பின்னேரம் நான் வந்தபோது நீர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னீர். அம்மா சிரிக்கவில்லை.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மருத்துவிச்சி அவளைத் துடைப்பதற்குத் திருப்பியபோது கை நின்றுபோனதை நீர் கண்டீராம். முதுகின் கீழ்ப்பக்கம், நாரிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ரூபாய்க் குற்றி அளவில், தோல் மூடாமல் இருந்தது. மெல்லிய சவ்வு ஒன்றுதான் மேலே. கால் இரண்டும் அசையவில்லை. முகம் உம்முடைய முகம், தலை நிறைய மயிர். ரயிலேறி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயதான டொக்டர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, உம்மை வெளியே இருக்கச் சொல்லி என்னிடம், "மாஸ்டர், நீங்கள் விளங்கக்கூடிய ஆள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைச்சிருங்கோ" என்றார்.

நான் விளங்கக்கூடிய ஆள்தான். எனக்கு எல்லாம் விளங்கியது.

வீட்டில் அவளைக் குளிப்பாட்டியது அம்மாதான். முழங்கைக்குள் குப்புறக் கிடத்தி, புண்ணில் தண்ணீர் படாமல், ஒரு பூவைக் கழுவுவதுபோலக் கழுவுவா. உமக்குப் பத்தியத்துக்குச் சரக்கு அரைத்துக் கறி வைத்துத் தந்ததும் அம்மாதான். ஆனால் ஒரு நாள் பின்னேரம், பிள்ளையைத் துடைத்துக்கொண்டே, உம்மைப் பாராமல் சொன்னா: "கயித்தை அறுத்தாய். பிள்ளைக்கு நாரி அறுந்துபோச்சு."

நான் விறாந்தைக் கதிரையில் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. நீர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர். நான் கொப்பியின் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த நாட்களில் நான் வீட்டில் இருந்ததை விடப் பள்ளிக்கூடத்தில் இருந்ததுதான் கூட. சோதனை வருகிறது என்று மேலதிக வகுப்பு வைத்தேன். வகுப்பில்லாத நாளில் வயலுக்குப் போனேன். வீட்டுக்கு வந்தால் விறாந்தையோடு சரி. உள்ளே வந்து அவளைத் தூக்க எனக்குப் பயம். அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் பக்கத்துக் காணிக்காரர் சைக்கிளில் வந்து வகுப்புக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது அவள் உம்முடைய மடியில் இருந்தாள். முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நீர் எப்படி இருந்தீர் என்பதை நான் கண்டும் காணாதவன்போல் கடந்தேன். கிணற்றடியில் பெண்கள் நின்றால் அவர்கள் போகும்வரை காத்திருந்து தண்ணீர் அள்ளினீர். மூன்றாம் காணியில் பிள்ளை வயிற்றோடு இருந்தவ உம்மைக் கண்டு சேலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டா என்று நீர் ஒருமுறை சொன்னீர். "அப்பிடி இருக்காது, நீர்தான் நினைக்கிறீர்" என்றேன். அந்தக் கன்று வளர்ந்து முற்றத்தில் துள்ளித் திரிந்தது. அதைக் கண்டால் நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்.

அடுத்த வருடம் உயர்தர வகுப்புக்குக் கோழி முட்டைக்குள் வளரும் முளையத்தைக் காட்டவேண்டி இருந்தது. விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்கத் தொடங்கியிருந்த காலம். இங்கிலிஷில் நான் படித்ததற்கு ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி, அதற்கும் வில்லையில் கீறல். வீட்டிலேயே முட்டை உடைத்துப் பெரிய படமாகக் கீறிக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். உம்மிடம் அடைக்கோழி ஒன்று இருந்தது. முட்டைகளை நேரம் தவறாமல் ஒவ்வொன்றாக அடைக்கு வைத்து, ஓட்டில் பென்சிலால் மணி எழுதித் தரச் சொன்னேன். நெடுநாளைக்குப் பிறகு நீர் ஒரு வேலையை விருப்பத்தோடு செய்ததை அப்போதுதான் கண்டேன். கோழி உம்மைக் கொத்தவில்லை. என்னைத்தான் கொத்தியது.

பின்னேர வெயில் விறாந்தையில் விழுகிற நேரம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு நாள் அடை கிடந்த முட்டையை உடைத்து ஊற்றினேன். மஞ்சட்கருவின் மேல் ஒரு வெள்ளைத் தட்டு. அதன் நடுவில் நூல் போல ஒரு கோடு. அடுத்த முட்டையில், முப்பது மணித்தியாலம், அந்தக் கோட்டின் இரு பக்கமும் வரம்பு கட்டியதுபோல எழும்பி, நடு ஒரு வாய்க்காலாகப் பதிந்திருந்தது. அதற்கடுத்ததில் வரம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, ஒட்டி, வாய்க்கால் குழாயாகியிருந்தது. தலைப்பக்கம் மூன்று வீக்கம். அதுதான் மூளையாகப் போவது. இரண்டு நாள் முட்டையில் இருதயம் சிவப்புப் புள்ளியாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் உலகத்தை மறந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். நீர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"இது என்ன கோடு?" என்று கேட்டீர்.

"இதுதான் குஞ்சின்ர முதுகுப் பக்கம். முதல்ல தட்டையாத்தான் இருக்கும். பிறகு ஓரம் ரெண்டும் எழும்பி வந்து நடுவில ஒட்டும். ஒரு இடத்தில ஒட்டத் தொடங்கி, தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடிக்கொண்டு போகும். மேல தோல் வந்து மூடும். இந்தக் குழாய்தான் பிறகு மூளை, முதுகுத்தண்டுக்குள்ள போற முண்ணாண், நரம்பு எல்லாம்."

"கொழுக்கட்டைக்கு ஓரம் பிடிக்கிற மாதிரி."

"ஓம், அதேதான்!" என்றேன். அந்த உவமை வகுப்புக்கு உதவும் என்றுதான் நினைத்தேன், பாரும்.

நீர் குனிந்து கைவில்லையால் பார்த்தீர். பிறகு கேட்டீர்: "ஒரு இடத்தில பிடிபடாமல் விட்டால்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அந்த இடம் திறந்தபடி இருக்கும்."

"நாரியிலயோ?"

"கூடுதலா அங்கைதான்."

"இது கோழி. மனிசருக்கு எப்ப மூடுறது?"

"கரு தங்கி நாலாம் கிழமைக்குள்ள. இருபத்தெட்டு நாளுக்குள்ள."

நீர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினீர். உதடு அசைந்தது. "நாலாம் கிழமையில எனக்குப் பிள்ளை தங்கினதே வடிவாத் தெரியாது. கிரகணம் ஆறாம் மாதம். அப்ப நான் கயித்தை வெட்டேக்கை..."

"அது மூடாமல் விட்டு நாலைஞ்சு மாதம்."

"நான் வெட்டினதால இல்லை."

"இல்லை."

"அப்ப ஏன் மூடேல்லை?"

"அது எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

நீர் நிமிர்ந்தீர். அழுவீர் என்று நினைத்தேன். அழவில்லை. "இதை எத்தினை வருசமாப் படிப்பிக்கிறியள்?" என்று கேட்டீர்.

"ஆறு வருசம்."

"மாமி எனக்குச் சொல்லேக்கை உங்களுக்கு இது தெரியும்."

நான் கீழே வைத்த பென்சிலைத் திரும்ப எடுத்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது" என்று இன்னொரு முறை சொன்னீர். சத்தம் உயரவில்லை. பிறகு பெட்டிக்குள் மிஞ்சி இருந்த ஐந்து முட்டைகளையும் சேலைத் தலைப்பில் எடுத்துக்கொண்டு, "இதுகளை உடைக்காதேங்கோ" என்று சொல்லிப் போய்க் கோழிக்குக் கீழே திரும்ப வைத்துவிட்டீர். அந்த வருடம் என் வகுப்பு மிச்ச மணித்தியாலங்களைப் புத்தகத்துப் படத்தில்தான் படித்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீர் என்னைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் அப்போது என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அம்மாவுக்கு எதிர்க்கதை சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி இதுதான்: கிரகணம் இல்லை என்றால், வேறு என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். சொந்தத்துக்குள் முடித்த கலியாணம். இரத்தத்தில் குறையோ, யாருடைய இரத்தத்தில் என்று கதை என் பக்கம் திரும்பும். பழி உம்மேல் இருந்தவரை நான் தப்பி இருந்தேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் உம்முடைய பத்து மாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். கரும்பலகையில் நாற்பது பிள்ளைகளுக்கு அந்த வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. வீட்டில் இல்லை.

அடுத்த நாள் அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அம்மா, பிள்ளைக்கு அப்பிடி வந்தது கிரகணத்தால இல்லை."

"படிச்ச ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்."

"இல்லையம்மா. வயித்தில நாலாம் கிழமையே முதுகு மூடியிடவேணும். மூடேல்லை. இவ கயித்தை வெட்டேக்கை அது நடந்து கனநாள். இவ ஒரு பிழையும் செய்யேல்லை."

சுளகு நின்றது. அம்மா வேறு ஒரு குரலில், "தலையும் அப்பிடித்தானோ?" என்று கேட்டா.

"என்ன தலை?"

"உனக்கு முதல் எனக்கு ஒண்டு பிறந்ததெல்லோ."

எனக்கு முன் ஒரு பிள்ளை பிறந்து தவறியது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

"அதுக்கு மண்டை மூடேல்லை, தம்பி. கொஞ்ச நேரம்தான் மூச்சிருந்தது. நான் வயித்துப் பிள்ளையோட பாம்பு அடிக்கிறதைப் பாத்தனான் எண்டு உன்ர அப்பரின்ர ஆக்கள் சொன்னவை. எட்டாம் மாதம் பாத்தனான். பாத்தது உண்மைதான். முப்பது வருசமா நான் அந்தப் பாம்பைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"அதுவும் அந்த நாலாம் கிழமைதானம்மா. அதே குழாய்தான். தலைப்பக்கம் மூடாமல் விட்டிருக்கு."

"அப்ப நான் ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லையம்மா. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

அம்மா சுளகை அப்படியே நிலத்தில் வைத்தா. அரிசி சரிந்து மண்ணில் கொட்டியது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதா. அவ அப்படி அழுததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அப்பா செத்த அன்றும் அப்படி அழவில்லை. நீர் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறீர். வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தீர். கொட்டிய அரிசியை நீர் பொறுக்கத் தொடங்க, கொஞ்ச நேரத்தில் அம்மாவும் பொறுக்கத் தொடங்கினா. பிறகு, "எழும்புங்கோ மாமி, தேத்தண்ணி குடிப்பம்" என்று கையைப் பிடித்துத் தூக்கினீர்.

அவ இருந்த வரைக்கும் உம்மைத் தவிர வேறு ஒருவர் கையால் சாப்பிட்டதில்லை என்பது உமக்குத் தெரியும்.

அன்று பொழுதுபடுகிற நேரம் உம்மிடம், "அம்மாவை மன்னிச்சிட்டீர், என்ன?" என்று கேட்டேன். அதற்குள் எனக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"மாமிக்குத் தெரியாது. தெரியாமச் சொன்னவா" என்றீர். அவ்வளவுதான். விளக்குக்குத் திரி எடுக்கப் போய்விட்டீர்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். அந்த ஒன்பது மாதமும் நீர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பிறந்ததும் ஆணோ பெண்ணோ என்று கேட்காமல், "முதுகைத் திருப்பிக் காட்டுங்கோ" என்று கேட்டீராம். மருத்துவிச்சி பிள்ளையைக் குப்புறப் பிடித்து, கழுத்திலிருந்து நாரிவரை விரலால் தடவி, "வழுவழுப்பா இருக்கு" என்று சொன்னாவாம். நீர் பிறகும் உம்முடைய விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவளை வாங்கினீர். அவளுக்குப் பிறகு வந்த இரண்டு பொடியன்களுக்கும் அதே கதை.

குடியேற்றத்தில் எந்த வீட்டிலாவது பிள்ளை குறையோடு பிறந்து தவறினால் நீர் போனீர். துடக்கு வீடு, தீட்டு என்றும் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு அங்கால் இருந்த சோனக முஸ்லிம் வியாபாரியின் மருமகள் பிள்ளையை இழந்து மூன்று நாள் வாய் திறக்காமல் கிடந்தாள் என்று கேள்விப்பட்டு நீர் நடந்து போனதும், "நாலாம் கிழமையே நடந்து முடிஞ்ச காரியம், பிள்ளை, உன்னட்டை ஒருத்தரும் கேட்டுச் செய்யேல்லை" என்று அவளுக்குச் சொன்னதும் அவளுடைய மாமனாரே பின்னர் எனக்குச் சொன்னது. நான் ஆறு வருடம் படிப்பித்தும் செய்யாததை நீர் ஒரு வசனத்தில் செய்துகொண்டு திரிந்தீர்.

பிற்காலத்தில், இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்திருந்தபோது, இலைக்கறியில் இருக்கிற ஒரு சத்து, இப்போது பேத்தியின் குளிசையில் இருக்கிற அதே சத்து, குறைந்தால் இப்படி வரலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம், "உண்மையோ?" என்று கேட்டீர். இன்னொரு பழியை நீர் எடுத்துத் தலையில் வைக்கப்போகிறீர் என்று பயந்தேன். ஆனால் இந்த முறை மறைக்கவில்லை.

"உண்மைதான். அது மட்டும் காரணமெண்டு சொல்லேலாது. ஆனா உண்மைதான்."

"அந்த வெள்ளத்துக்குப் பிறகு மூண்டு மாதம் கீரையைக் கண்ணால காணேல்லை" என்றீர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ. வெள்ளத்தை நான் கொண்டுவரேல்லை" என்றீர்.

உம்மோடு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தேன். நீர் என்னைக் கோபித்ததில்லை, குறை சொன்னதில்லை. சமைத்தீர், சிரித்தீர், இடம்பெயர்ந்த இடமெல்லாம் வீடாக்கினீர். ஆனால் அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு தெரிந்ததை நானாகச் சொல்லுவேன் என்று நீர் நம்பியதில்லை. முக்கியமான எதையும் முதலில் என்னிடம் கேட்டதுமில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த தண்டனை. உமக்கு அது தண்டனை என்று தெரிந்திருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

கடைசியாக நீர் ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை, ஒரு நாள் காலை, மகள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம், நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். நீர் தெளிவாக இருந்தீர். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அவளுக்கு நீர் ஒரு பேர் வைச்சனீரோ?"

யாரைச் சொல்கிறேன் என்று நீர் கேட்கவில்லை. "ஓம்" என்றீர்.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

நீர் என்னைப் பார்த்தீர். கோபமில்லாத பார்வை. பழைய பாடம் ஒன்றை மறந்துபோன பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நான் ஒளிக்கேல்லை. பத்தொன்பது நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டனான். நீங்கள் உள்ளுக்கு வந்திருந்தால் கேட்டிருப்பியள்."

மகள் தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். நீர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினீர். அதற்குப் பிறகு நாங்கள் தனியே இருக்க நேரம் வாய்க்கவில்லை. மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர்.

இப்போது விறாந்தையில் தனியே இருக்கும்போது நான் அந்தக் கொப்பிகளுக்குள் குனிந்திருந்த பின்னேரங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் உம்முடைய குரல் கேட்கிறது. தாழ்ந்த குரல், பால் கொடுக்கிற நேரத்துக் குரல், இரண்டு மூன்று எழுத்தில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிற குரல். ராகம் அப்படியே நினைவிருக்கிறது. சொல் மட்டும் கேட்கவில்லை.